இதயச் செல்லின் சமிக்ஞைப் பாதையை ஒரே தாளில் வரைவது எப்படி

உடலியங்கியல் பாடம் எடுக்க ஆரம்பித்த புதிதில், அட்ரினலினில் தொடங்கி அம்புக்குறிகளைக் கீழே கீழே இழுத்து, கடைசியில் "இதயம் வேகமாகத் துடிக்கும்" என்று முடித்துவிடுவேன். ஒரு நாள் ஒரு மாணவி கேட்டாள்: "சரி, அப்புறம் அது எப்படி அடங்கும்?" என் படத்தில் அதற்கு இடமே இல்லை. அன்றிலிருந்து இரண்டு பேனாக்களோடுதான் வகுப்புக்குப் போகிறேன்.

சிவப்பு, துடிப்பைக் கூட்டும் நொதிகளுக்கு. நீலம், அடக்கும் நொதிகளுக்கு. ஒரு சிவப்பு எழுதினால், அதற்கு எதிரே ஒரு நீலம் எழுதாமல் கீழே இறங்கக் கூடாது. விதி அவ்வளவுதான்.

தாளின் மேலே செல்சவ்வு. அதில் அட்ரினலினைப் பிடிக்கும் பீட்டா-1 ஏற்பி, உள்பக்கம் அந்தச் செய்தியைக் கடத்தும் ஜி புரதம், பக்கத்தில் சிவப்பில் அடினைலைல் சைக்ளேஸ். இது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யிலிருந்து சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற தூது மூலக்கூறைச் செய்கிறது. அதைச் சிதைக்கும் பாஸ்போடையெஸ்டரேஸ் நீலத்தில். ஏற்பிக்கு எதிரே ஜி.ஆர்.கே.2 வரும். இதுவும் ஒரு கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் நொதி) என்பதால் பலர் சிவப்பை எடுப்பார்கள். ஆனால் இது ஏற்பியில் பாஸ்பேட்டை ஒட்டி அதை மந்தமாக்குகிறது. பெயரைப் பார்க்காதீர்கள், வேலையைப் பாருங்கள்: நீலம்.

அடுத்து, சைக்ளிக் ஏ.எம்.பி. எழுப்பும் கைனேஸான பி.கே.ஏ., சிவப்பு. இது பாஸ்பேட் ஒட்டும் நான்கு புரதங்களுக்கு நான்கு அம்புகள்: செல்சவ்வின் கால்சிய வாயில், செல்லுக்குள் உள்ள கால்சியக் கிடங்கைத் திறக்கும் ரையனோடின் ஏற்பி, சுருங்கும் இழையிலுள்ள டிரோபோனின்-ஐ, பாஸ்போலாம்பன். கடைசி அம்பில் கொஞ்சம் நில்லுங்கள். பாஸ்போலாம்பன் சாதாரணமாக செர்கா என்ற கால்சியப் பம்பைப் பிடித்து வைத்திருக்கும். பாஸ்பேட் ஒட்டியதும் பிடி தளரும், பம்பு கால்சியத்தை வேகமாகக் கிடங்குக்குள் இழுக்கும், தசை சட்டென்று தளரும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 1 நொடி. 150 என்றால் 0.4 நொடிதான். அதற்குள் தளராத இதயத்தில் ரத்தம் எப்படி நிரம்பும்? அட்ரினலின் இதயத்தைச் சுருக்க மட்டுமல்ல, வேகமாகத் தளர்த்தவும் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. எதிரே நீலத்தில், ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றும் பாஸ்படேஸ்-1.

ஓரமாகச் சிவப்பில் கேம்கைனேஸ்-2. கால்சியம் இதை எழுப்பும். எழுந்தபின் தனக்குத் தானே பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு, கால்சியம் குறைந்த பிறகும் விழித்தே இருக்கும். வட்டம் போட்டு வையுங்கள். கிடங்கிலிருந்து கால்சியம் கசிவதிலும், அதனால் வரும் தாளப் பிறழ்விலும் இதற்குப் பங்குண்டு.

இப்போது அதே தாளில் பென்சிலால் இதயச் செயலிழப்பைக் குறியுங்கள். உடல் ஓயாமல் அட்ரினலினைப் போன்ற நார்அட்ரினலினைச் சுரக்கிறது, ஜி.ஆர்.கே.2 கூடுகிறது, பீட்டா-1 ஏற்பிகள் குறைகின்றன. பலவீனமான இதயத்தை இன்னும் முடுக்கினால் என்ன என்று தோன்றும். பாஸ்போடையெஸ்டரேஸ்-3-ஐத் தடுக்கும் மில்ரினோனை மாத்திரையாக நீண்டகாலம் கொடுத்துப் பார்த்தார்கள். 1991-இல் வெளியான ஆய்வில் இறப்பு கூடியிருந்தது. மாறாக, ஏற்பியையே அடக்கும் பைசோப்ரோலோல், மெட்டோப்ரோலோல் ஆகியவை ஆயுளை நீட்டுவதை 1999-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. இந்த மருந்துகளை ஏற்பியின் மேல் குறுக்குக்கோடாக வரையுங்கள்.

படத்தைப் பார்க்காமல் மூன்று முறை வரைந்த பிறகு, ரத்தக்குழாய்த் தசைக்குத் தனித் தாள் எடுங்கள். அங்கே சைக்ளிக் ஏ.எம்.பி. தசையைத் தளர்த்தும்; இந்தத் தாளின் நிறங்கள் அங்கே செல்லாது.