பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

பழைய பிரிட்டிஷ் தொடர்களைப் பார்க்க ஆசைப்படும் பலர், இணையத்தில் ஏதோ ஒரு பட்டியலைத் தேடி எடுத்து, அதில் முதலிடத்தில் உள்ளதைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று அரை மணி நேரத்தில் எழுந்துவிடுகிறார்கள். நானும் அப்படி எழுந்தவன்தான். நான் முதலில் கையில் எடுத்தது 1976ஆம் ஆண்டின் 'ஐ, கிளாடியஸ்'. அடுக்கடுக்காக ரோமானியப் பெயர்கள், அட்டையில் செய்ததுபோன்ற சுவர்கள், மேடை நாடகத்தைப் போன்ற நடிப்பு என்று எல்லாம் சேர்ந்து என்னை இருபது நிமிடங்களில் விரட்டிவிட்டன. சில ஆண்டுகள் கழித்து வேறு வழியாகச் சுற்றி அதே தொடருக்குத் திரும்பியபோது, ஒரே வாரத்தில் முழுவதையும் பார்த்து முடித்தேன். மாறியது தொடரன்று, நான் வந்த வழிதான். அந்த வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். இது காலவரிசைப்படி அமைந்ததன்று. இத்தொடர்களில் சண்டையும் துரத்தலும் குறைவு, பேச்சே நிகழ்ச்சி. ஆகவே நம் காது எந்த வரிசையில் பழகுமோ அந்த வரிசையில் அமைத்திருக்கிறேன்.

படி 1: ஆண்டையும் அளவையும் சரிபாருங்கள்

ஒரே பெயரில் பல படைப்புகள் இருப்பதால், தொடரின் பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுவது அவசியம். 'டாட்ஸ் ஆர்மி' என்று தேடினால் 2016இல் வந்த திரைப்படம் முன்னால் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 1968 முதல் 1977 வரை ஒளிபரப்பான தொடர். 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' 2013இல் புதிய நடிகர்களுடன் மீண்டும் எடுக்கப்பட்டது. நமக்கு வேண்டியது 1986இல் தொடங்கியது.

அடுத்தது அளவு. அமெரிக்காவில் சீசன் என்று சொல்வதைப் பிரிட்டனில் சீரிஸ் என்பார்கள். நகைச்சுவைத் தொடரானால் ஒரு சீரிஸில் பெரும்பாலும் ஆறேழு பகுதிகள்தான் இருக்கும். எழுத்தாளர்கள் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதியதே இதற்குக் காரணம். உலகப் புகழ் பெற்ற 'ஃபால்டி டவர்ஸ்' மொத்தமே 12 பகுதிகள்: 1975இல் ஆறு, நான்கு ஆண்டுகள் கழித்து 1979இல் ஆறு. ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம்.

டிவிடி வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிவிடிகளுக்காக உலகை மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: பிரிட்டன் 2ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். பிரிட்டனிலிருந்து வரவழைத்த பெட்டியைப் பிரித்து வட்டைப் போட்டபின், மண்டலம் பொருந்தவில்லை என்று பிளேயர் மறுப்பதைப் பார்ப்பது மனதுக்கு நல்லதன்று. அந்த அனுபவம் எனக்கு உண்டு. எல்லா மண்டல வட்டுகளையும் ஓட்டும் பிளேயர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிபிசியின் இணையவழிச் சேவையான ஐபிளேயர் பிரிட்டனுக்குள் மட்டுமே இயங்கும். ஆனால் பிபிசி தன் யூடியூப் சேனல்களில் நகைச்சுவைத் தொடர்களின் காட்சித் துண்டுகளை வெளியிட்டிருக்கிறது; பணம் செலவிடும் முன் ருசி பார்ப்பதற்கு அவை போதும்.

படி 2: திரையையும் கண்ணையும் தயார்செய்யுங்கள்

இத்தொடர்கள் 4:3 விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத்திரையில் படத்தை இழுத்து நிரப்பினால் எல்லா நடிகர்களும் பூசணிக்காய் முகத்தோடு தெரிவார்கள். ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றி, இருபுறமும் கறுப்புப் பட்டை வந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து, வீட்டுக்குள் நடக்கும் காட்சி வழுக்கிக்கொண்டு போவதுபோல மிகத் தெளிவாக இருக்க, கதாபாத்திரம் கதவைத் திறந்து தெருவுக்கு வந்ததும் படம் மங்கி, சற்று மணல் பூத்ததுபோல மாறுவதைக் காண்பீர்கள். இது பழுதன்று. 1980களின் பாதிவரையிலும், உட்புறக் காட்சிகளை ஸ்டுடியோவில் பல கேமராக்களை வைத்து வீடியோ நாடாவிலும், வெளிப்புறக் காட்சிகளை 16 எம்.எம். ஃபிலிமிலும் எடுப்பதே வழக்கமாக இருந்தது. வீடியோ வினாடிக்கு 50 முறை அசைவைப் பதிந்தது, ஃபிலிம் 25 முறை பதிந்தது. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு அதுதான். மூன்று பகுதிகள் பார்த்தபின் அது உங்கள் கவனத்துக்கே வராது.

பின்னணியில் கேட்கும் சிரிப்பையும் பலர் குறை சொல்கிறார்கள். அது பெரும்பாலும் ஒட்டவைத்த சிரிப்பன்று. ஸ்டுடியோவில் உட்கார்ந்து நேரில் பார்த்த முன்னூறு பேரளவிலான மக்களின் சிரிப்பு. வெளிப்புறக் காட்சிகளை முன்பே எடுத்து, அதே கூட்டத்துக்குத் திரையில் போட்டுக் காட்டினார்கள். கூட்டம் அடங்கும்வரை நடிகர் அடுத்த வரியைப் பிடித்துவைத்துக் காத்திருப்பதைக் கவனித்தால், அந்தச் சிரிப்பு நடிப்பின் ஒரு பகுதி என்பது புரியும்.

படி 3: 'யெஸ் மினிஸ்டர்' தொடரில் தொடங்குங்கள்

1980இல் பிபிசி 2இல் தொடங்கிய இந்தத் தொடரும் அதன் நீட்சியான 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' தொடரும் சேர்ந்து 38 பகுதிகள். எழுதியவர்கள் ஆன்டனி ஜேயும் ஜோனதன் லின்னும். நிர்வாகத் துறை என்னும் கற்பனைத் துறைக்குப் புதிதாக வரும் அமைச்சர் ஜிம் ஹேக்கர், அத்துறையின் நிரந்தரச் செயலர் சர் ஹம்ஃப்ரி, இருவருக்கும் நடுவில் நசுங்கும் தனிச்செயலர் பெர்னார்டு ஆகிய மூவர் பேசிக்கொண்டிருப்பதே கதை. ஹேக்கர் எந்தக் கட்சி என்று தொடர் ஒருபோதும் சொல்வதில்லை.

நம் நாட்டுத் தலைமைச் செயலக முறை பிரிட்டிஷ் ஆட்சி விட்டுச்சென்றது என்பதால், 'ஆவன செய்யப்படும்' என்ற பதிலைக் கையில் வாங்கிப் பழகியவர்களுக்கு இத்தொடரில் முன்னுரை தேவைப்படாது. 2001இல் ஃபரூக் ஷேக் நடித்து 'ஜி மந்திரிஜி' என்று இந்தியில் இதை எடுத்தபோது கதையை மிகச் சிறிதே மாற்ற வேண்டியிருந்ததில் வியப்பில்லை.

பார்க்கும் முறை இதுதான். ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். முதன்முறை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் முறை, சர் ஹம்ஃப்ரி மூச்சுவிடாமல் பேசும் நீண்ட வாக்கியம் வரும்போது நிறுத்தி, அதன் வினைச்சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் அது 'முடியாது' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடும். பயிற்சிக்கு ஒரு காட்சி: அமைச்சரின் முடிவைத் தடுக்க என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சர் ஹம்ஃப்ரி பெர்னார்டுக்குக் கற்றுத்தருகிறார். 'சர்ச்சைக்குரிய முடிவு' என்றால் வாக்குகள் குறையும் என்று பொருள். 'துணிச்சலான முடிவு' என்றால் தேர்தலிலேயே தோற்பீர்கள் என்று பொருள். பாராட்டைப் போல ஒலிக்கும் சொல் மிரட்டலாக வேலை செய்வதை இங்கே கேட்கப் பழகிவிட்டால், மற்ற எல்லாத் தொடர்களுக்கும் சாவி கிடைத்துவிடும். 1981இல் வந்த மருத்துவமனைப் பகுதியையும் தவறவிட வேண்டாம்: ஐந்நூறு நிர்வாக ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை, ஆனால் மிகச் சிறப்பாக நடக்கும் மருத்துவமனை.

படி 4: வேகமான ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இப்போது 'ஃபால்டி டவர்ஸ்'. ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதி நடித்தது. டார்க்கி என்னும் கடற்கரை ஊரில் விடுதி நடத்தும், விருந்தினர்களையே வெறுக்கும் பேசில் ஃபால்டியின் கதை. 1970இல் அதே ஊரில் ஒரு விடுதியில் தங்கியபோது கிடைத்த அனுபவமே கிளீஸுக்கு வித்து. ஒவ்வொரு பகுதியின் முதல் ஐந்து நிமிடங்களில் பேசில் சொல்லும் சின்னப் பொய்யையும், போகிற போக்கில் காட்டப்படும் பொருளையும் நினைவில் வையுங்கள். இறுதி ஐந்து நிமிடங்களில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அவர் தலையில் விழும்.

மிஸ்டர் பீனாக மட்டுமே ரோவன் அட்கின்சனை அறிந்தவர்கள் 'பிளாக்ஆடர்' தொடரையும் இங்கே பார்க்கலாம். பீன் வாயைத் திறப்பதே அரிது. பிளாக்ஆடரோ முழுக்க வாய். இந்தத் தொடரின் இறுதிப் பகுதி 1989 நவம்பரில் வந்தது, பீன் 1990 புத்தாண்டு நாளில் வந்தார் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த மனிதரின் வீச்சு புரியும். முதல் சீரிஸ் சற்றுத் தளர்வானது; 1986இல் வந்த இரண்டாவதிலிருந்து தொடங்குவதே என் பரிந்துரை. முதல் உலகப்போரின் பதுங்குகுழியில் நடக்கும் நான்காவதின் கடைசி நிமிடத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

படி 5: உச்சரிப்பில் ஒளிந்திருக்கும் படிநிலையைக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே அவசரப்பட வேண்டாம். பிரிட்டிஷ் தொடரில் ஒருவர் வாயைத் திறந்த உடனேயே அவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்தக் குடும்பம், எந்த ஊர் என்பதை அந்நாட்டுப் பார்வையாளர் அறிந்துகொள்வார். பாதி நகைச்சுவையும் முக்கால்வாசி சோகமும் அங்கேதான் பிறக்கின்றன.

ஜிம்மி பெர்ரியும் டேவிட் கிராஃப்டும் எழுதிய 'டாட்ஸ் ஆர்மி' இதற்கு நல்ல பாடசாலை. 1940இல் ஜெர்மானியப் படையெடுப்பை எதிர்பார்த்து, கற்பனையான ஒரு கடற்கரை ஊரில் முதியவர்களும் சிறுவர்களும் சேர்ந்த ஊர்க்காவல் படை. அதன் தலைவர் வங்கி மேலாளர். எழுத்தைப் பார்த்தால் அவர் பெயரை மெயின்வேரிங் என்றுதான் படிப்போம், ஆனால் உச்சரிப்பு 'மேனரிங்'. அவருக்குக் கீழே சார்ஜன்ட் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழேதான். ஆனால் வில்சனின் மெல்லிய, சோம்பலான குரல் மேட்டுக்குடிப் பள்ளியின் குரல். அவர் அணிவகுப்பு ஆணையிடும்போதுகூட, சிரமமில்லை என்றால் வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்பதுபோல இருக்கும். மேலாளருக்கு அந்தக் குரல் ஒருபோதும் வாய்க்காது என்பதும், அது இருவருக்குமே தெரியும் என்பதும்தான் ஒன்பது ஆண்டுகள் தொடரை ஓட்டிய எரிபொருள்.

இதன் மிகப் புகழ்பெற்ற வரியும் பெயர் பற்றியதுதான். 1973இல் வந்த பகுதியொன்றில், சிறைப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தலைவன், தன்னை அவமதிப்பவர்களின் பெயர்களை ஒரு பட்டியலில் குறித்துக்கொள்கிறான். இளைஞன் பைக் ஹிட்லரைக் கேலிசெய்து பாட, 'உன் பெயரும் பட்டியலில் ஏறும், பெயர் என்ன?' என்று அவன் கேட்க, மேனரிங் பதறிக்கொண்டு கத்துகிறார்: 'சொல்லாதே, பைக்!'

இதே பாடத்தை எளிதாகப் படிக்க 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரின் ஹயசிந்த் அம்மையாரிடம் போகலாம். கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர் பக்கெட். அவரோ அதைப் 'பொக்கே' என்றுதான் சொல்ல வேண்டும் என்று தபால்காரர் வரை எல்லோரையும் திருத்திக்கொண்டிருப்பார். இந்த இரண்டு சொற்களும் தமிழிலேயே புழங்குவதால் நமக்கு இதில் சப்டைட்டில்கூட வேண்டாம்.

படி 6: சிலவற்றைத் தள்ளிவையுங்கள்

'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொடரை நம்மில் பலர் பார்த்துச் சிரித்திருக்கிறோம். ஆனால் 1977இல் தொடங்கிய, வெளிநாட்டவர் ஆங்கிலம் கற்கும் வகுப்பில் நடக்கும் அந்தத் தொடர், ஒவ்வொரு நாட்டினரையும் ஒரே கேலிச்சித்திரமாகச் சுருக்கியது; சிரிப்பு உச்சரிப்பின் மேலே மட்டும் நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. இந்தியாவின் தேவ்லாலி ராணுவ முகாமில் நடக்கும் 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்' தொடரில் இந்தியப் பணியாளர் ரங்கி ராமாக ஒரு வெள்ளை நடிகர் முகத்தில் கறுப்பு பூசி நடித்தார். இவற்றைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொடங்கும் இடம் இதுவன்று என்கிறேன்.

படி 7: இப்போது நாடகங்களுக்கு வாருங்கள்

முதலில் 'அப்ஸ்டேர்ஸ், டவுன்ஸ்டேர்ஸ்' (1971 முதல் 1975 வரை, 68 பகுதிகள்). லண்டன் ஈட்டன் பிளேஸ் 165ஆம் எண் வீட்டில் மாடியில் பெல்லாமி குடும்பம், கீழே பணியாளர்கள். தொடக்கப் பகுதிகள் சில கறுப்பு வெள்ளையில் இருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். வண்ணக் கருவிகளை இயக்கக் கூடுதல் ஊதியம் கேட்டு ஐடிவி என்னும் தனியார் தொலைக்காட்சியின் தொழில்நுட்பப் பணியாளர்கள் அந்த நேரத்தில் வண்ணப் பதிவை மறுத்திருந்தார்கள். முழுவதையும் பார்க்கப் பொறுமை இல்லையென்றால், முதல் சில பகுதிகளுக்குப் பின் முதல் உலகப்போரைக் காட்டும் நான்காவது சீரிஸுக்குத் தாவிவிடலாம். மாடியைவிடக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டு மேசையில்தான் யார் எங்கே உட்கார வேண்டும் என்ற விதி கடுமை என்பதைக் கவனியுங்கள்.

அதன்பிறகு, என்னை விரட்டிய 'ஐ, கிளாடியஸ்'. ஒரு தாளின் உச்சியில் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், அவர் மனைவி லிவியா என்று எழுதி, புதியவர் வரவர வம்சக்கொடியை வரைந்து, இறப்பவரை அடித்துக்கொண்டே வாருங்கள். பேனாவில் மை போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுத் தொடரும் ஸ்டுடியோவுக்குள் எடுக்கப்பட்டதால் போரோ பெருங்கூட்டமோ கிடையாது. விளையாட்டரங்கம் என்றால் பார்ப்பவர்களின் முகங்கள்தான். அந்த ஏழ்மையே இத்தொடரின் செல்வம். அகஸ்டஸின் மரணக் காட்சியில் கேமரா அவராக நடித்த பிரையன் பிளெஸ்ஸிட்டின் முகத்தை விட்டு அகலாமல் நீண்ட நேரம் நிற்க, லிவியாவின் குரல் மட்டும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்கும். மரத்திலிருந்த அத்திப்பழங்களில் நஞ்சைப் பூசியவள் அவள்தான். பிறகு மகனிடம், போகிற போக்கில், அத்திப்பழத்தைத் தொடாதே என்கிறாள்.

படி 8: 'தி ஜூவல் இன் தி கிரவுன்'

கிரனாடா நிறுவனம் பால் ஸ்காட்டின் நான்கு நாவல்களை வைத்து எடுத்து, 1984இல் 14 பகுதிகளாக ஒளிபரப்பிய தொடர் இது. 1942இல், மயாப்பூர் என்னும் கற்பனை நகரத்தில் கதை தொடங்குகிறது. ஹரி குமார் இந்தியர். ஆனால் இங்கிலாந்தில் வளர்ந்து உயர்ந்த பள்ளியில் படித்ததால் அவருக்கு இந்தி வராது, வருவது மேட்டுக்குடி ஆங்கிலம் மட்டும். அவரைக் கைதுசெய்யும் காவல் அதிகாரி மெரிக் வெள்ளையர். ஆனால் எளிய குடும்பத்தவர், அந்தக் குரல் அவருக்கு இல்லை. வில்சனுக்கும் வங்கி மேலாளருக்கும் இடையில் சிரிப்பாக இருந்த அதே இடைவெளி, இங்கே நிறமும் அதிகாரமும் சேர்ந்தவுடன் சிறையறை வரைக்கும் போகிறது.

சிறையில் ஹரியை விசாரிக்க வரும் ரோவன் என்னும் அதிகாரி அதே பள்ளியில் படித்தவர். மறைவான அறையிலிருந்து ஒரு மூதாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி வரும்போது மட்டும் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பாருங்கள்.