புதுக் குடித்தனத்தில் இரண்டு கல்விக்கடன்: அடைப்பது எப்படி?

கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம், மொய் நோட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கும் கல்விக்கடன் பாக்கி இருப்பது எனக்குத் தெரிந்தது. என் கடன் எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. சம்பந்தம் பேசியபோது சம்பளம் பேசினார்கள், நகை பேசினார்கள். கடனை யாரும் பேசவில்லை.

படி 1: இரண்டு கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்

வங்கியில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கி, அசல் பாக்கி, வட்டி விகிதம், இஎம்ஐ (மாதத் தவணை), மீதி மாதங்கள், கூட்டுக் கடனாளி யார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என் கடனில் அப்பாவும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் தவணை தவறினால் அவருடைய சிபில் மதிப்பெண்ணும் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்) இறங்கும்.

பெற்றோரின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, மத்திய அரசின் வட்டி மானியத்துக்கு விண்ணப்பித்திருந்தால், அது கணக்கில் வரவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 2: வட்டி அதிகமான கடன் முதலில்

என் கடன் 4 லட்சம், வட்டி 10 சதவீதம். அவருடையது 2 லட்சத்துச் சொச்சம், 12.5 சதவீதம். இரண்டுக்கும் இஎம்ஐ தவறக்கூடாது. ஆனால் மிச்சம் பிடிக்கும் பணம் முழுவதும் 12.5 சதவீதக் கடனுக்கே போக வேண்டும். "என் கடன், உன் கடன்" என்று பிரித்தால் இந்தக் கணக்கு நிற்காது. முதல் ஒரு வருடம் என் சம்பளத்தின் மிச்சமும் அவர் கடனுக்குத்தான் போனது. அம்மாவுக்கு அது வருத்தம்தான். தாளைக் காட்டி விளக்கிய பிறகு புரிந்துகொண்டார்.

படி 3: மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுங்கள்

உதாரணத்துக்கு என் கடனையே எடுத்துக்கொள்வோம். 4 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 7 வருடத்தில் அடைத்தால் இஎம்ஐ சுமார் 6,640 ரூபாய். அதில் முதல் மாதம் 3,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும், பாதிதான் அசலில் கழியும். இதோடு மாதம் 3,000 சேர்த்துக் கட்டினால் 84 மாதக் கடன் 52 மாதத்தில் முடியும். வட்டியில் சுமார் 65,000 ரூபாய் மிச்சம்.

மொய்ப் பணம் முழுவதையும் கடனில் போட்டுவிடலாம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டாமா? ஆவணியில் நாலு கல்யாணம் இருக்கே" என்றார் அத்தை. சரியான பேச்சு. பாதியை வைத்துக்கொண்டோம். உங்களிடமும் மூன்று மாதச் செலவுக்கான பணம் கையில் இருந்த பிறகே கூடுதலாகக் கட்டத் தொடங்குங்கள்.

நகையை அடகு வைத்து மொத்தமாக அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். நகைக்கடனைப் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திருப்ப வேண்டும் அல்லது புதுப்பிக்க வேண்டும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

படி 4: கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும்

இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். முதல் முறை கட்டிய 20,000 ரூபாயை முன்கூட்டிய தவணையாக வைத்துக்கொண்டார்கள், அசல் இறங்கவே இல்லை. நான்கு மாதம் கழித்துத்தான் கவனித்தோம். "இந்தத் தொகையை அசலில் கழிக்கவும், இஎம்ஐ அப்படியே இருக்க, காலத்தைக் குறைக்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில் அசல் இறங்கியிருக்கிறதா பாருங்கள்.

படி 5: வருமான வரி

80இ பிரிவில் கல்விக்கடனுக்குக் கட்டும் வட்டியை 8 வருடம் வரை வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், உச்சவரம்பு கிடையாது. ஆனால் பழைய வரி முறையில் மட்டும்தான், அசலுக்கு இல்லை. கடன் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்கிலிருந்தே கட்டுங்கள்.

படி 6: முடித்த பிறகு

பாக்கி இல்லை என்ற சான்றைக் கட்டாயம் வாங்குங்கள். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், கடன் முடிந்த 30 நாளில் வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி, 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் கடன் 'முடிந்தது' என்று இருக்கிறதா பாருங்கள். கையெழுத்துப் போட்ட அப்பாவின் அறிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.