'ஃபார்' எங்கே, 'சின்ஸ்' எங்கே?

கால அளவைச் சொல்லும்போது தமிழில் 'ஆக' வந்தால் ஆங்கிலத்தில் 'ஃபார்' போடுங்கள்; 'இருந்து' அல்லது 'முதல்' வந்தால் 'சின்ஸ்' போடுங்கள். இரண்டு நாளாகக் காய்ச்சல் என்றால் 'ஃபார் டூ டேஸ்'. திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சல் என்றால் 'சின்ஸ் மண்டே'. விடுப்புக் கடிதங்களில் தவறாமல் தலைகாட்டும் 'சின்ஸ் டூ டேஸ்' இந்த ஒரு சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

ஆங்கிலம் பார்க்கும் வேறுபாட்டைத் தமிழும் பார்க்கிறது என்பதால்தான் இது பலிக்கிறது. 'ஐந்து வருடமாக' என்பது எவ்வளவு காலம் என்று அளக்கிறது. '2020 முதல்' என்பது தொடங்கிய புள்ளியைக் காட்டுகிறது. பேச்சில் சிலர் 'இரண்டு நாளிலிருந்து' என்பார்கள். அதை முதலில் 'இரண்டு நாளாக' என்று திருத்திக்கொண்டு பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

கடந்த காலத்தில் தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கே இந்த வழி முழுமையாகப் பொருந்தும். அப்போது வினைச்சொல்லும் மாறும்: 'ஐ ஆம் வொர்க்கிங்' அல்ல, 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'நாளையிலிருந்து' என்று எதிர்காலம் வந்தால் 'ஃப்ரம் டுமாரோ'. 'ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை' என்றாலும், 'மதுரையிலிருந்து' என்று இடத்தைச் சொன்னாலும் 'ஃப்ரம்'தான். 'ஆசிரியராக வேலை செய்கிறேன்' என்பதில் உள்ள 'ஆக' காலத்தைக் குறிக்கவில்லை. அங்கே 'ஆஸ் எ டீச்சர்' என்று வரும்.