ஏழு துண்டு ஆடியைக் கட்டுப்படுத்துவது எப்படி: மட்டக்களப்பு ஆய்வுகூடத்துக்கு ஒரு வழிகாட்டி

ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கியின் 10 மீற்றர் ஆடி 36 அறுகோணத் துண்டுகளால் ஆனது. துண்டுகளை நுண்ணளவில் அசைக்கும் 108 ஆக்சுவேற்றர்கள் தள்ள, பக்கத்துத் துண்டுகளின் உயர வேறுபாட்டை, அதாவது படியை, 168 விளிம்பு உணரிகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அதே கணக்கை மேசையிலேயே பழகலாம். நடுவில் ஒரு துண்டு, சுற்றி ஆறு. துண்டுக்கு 3 வீதம் 21 ஆக்சுவேற்றர். பொது விளிம்பு 12, விளிம்புக்கு 2 வீதம் 24 உணரி.

உணரியில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வாவிக் காற்றின் உப்பு, மின் கொள்ளளவால் அளக்கும் கொள்ளளவ உணரியின் தகட்டில் படிந்து ஈரம் பிடித்தால் மின் கசியும். துண்டு அசையாமலே வாசிப்பு நகரும். காந்தப்புலத்தால் அளக்கும் தூண்டல் வகைதான் இங்கே நின்றுபிடிக்கும்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வோர் ஆக்சுவேற்றரையும் நடுநிலையிலிருந்து 1 மைக்ரோமீற்றர் மேலே, அதேயளவு கீழே, மறுபடி மேலே தள்ளுங்கள். இரு மேல் வாசிப்புகளின் சராசரியிலிருந்து கீழ் வாசிப்பைக் கழித்து 2ஆல் வகுத்தால், ஆக்சுவேற்றர் அசைவை உணரி வாசிப்போடு இணைக்கும் எண் அட்டவணையான தாயத்தின் ஒரு நிரல் கிடைக்கும். அந்தத் தாயத்தை நேர்மாறாக்கினால், வாசிப்பைக் கொண்டு எதை எவ்வளவு தள்ள வேண்டும் என்று தெரியும். ஒரே பக்கம் தள்ளினால் வெப்பத்தால் வரும் நகர்வும் அதற்குள் புகுந்துவிடும்.

இந்த 24×21 தாயத்தின் சிங்குலர் பெறுமானங்களில் (ஆடியின் ஒவ்வோர் அசைவு வடிவமும் உணரிகளுக்கு எவ்வளவு தெரிகிறது என்று காட்டும் எண்கள்) மூன்று பூச்சியத்தை ஒட்டி நிற்கும்: ஆடி முழுதாக உயர்வது, இரு திசையில் சரிவது. நான்காவதுதான் ஆளை ஏமாற்றும். சுற்றியுள்ள ஆறு துண்டும் நடுத்துண்டின் விளிம்பிலே பூவிதழ் போல ஒரே கோணத்தில் மடிந்தால் எந்த விளிம்பிலும் படி விழாது. உயரத்தை மட்டும் அளக்கும் உணரிக்கு அது தெரியவே தெரியாது. மாறுவது குவியம். இரைச்சலால் அந்தப் பெறுமானம் சரியாகப் பூச்சியமாக வராது. அதை நேர்மாறாக்கினால் இரைச்சல் பல மடங்காகி, ஆடி மெல்ல மெல்லக் கிண்ணமாகிவிடும். நான்கையும் வெட்டி 17ஐ வைத்திருங்கள். உணரியின் கையை விளிம்பு தாண்டிப் பக்கத்துத் துண்டுக்குள் சில சென்ரிமீற்றர் நீட்டினால் கோணமும் வாசிப்பில் சேரும். அப்போது குவியத்தையும் குறைந்த நயத்தில் (திருத்தத்தின் பெருக்க அளவில்) பிடிக்கலாம்.

நயத்தைக் கூட்டுமுன் தாங்குசட்டத்தைத் தட்டிப் பாருங்கள். அது இயல்பாக அதிரும் பரிவு 20 ஹேர்ட்ஸில், வீச்சம் அங்கே 50 மடங்கு என்றால், கட்டுப்பாட்டு வேகம் பரிவில் பத்திலொன்று என்ற வழக்கமான விதி போதாது. பிழையைக் கூட்டிக்கொண்டே திருத்தும் தொகையிடுவான் 2 ஹேர்ட்ஸ் வேகத்தில் ஓடினால், அதன் நயம் 20 ஹேர்ட்ஸில் 0.1, 50ஆல் பெருக்க 5. ஒன்றைத் தாண்டினால் சட்டம் அதிரத் தொடங்கலாம். 0.2 ஹேர்ட்ஸில் அது 0.5 ஆகிறது, அதோடு நிற்க வேண்டும். வேகம் வேண்டுமானால் முதலில் சட்டத்துக்கு றப்பர் வைத்து அதிர்வைக் குறையுங்கள்.

செத்த உணரி 0 காட்டினால் கட்டுப்படுத்தி அதை உண்மையென்று நம்பி, உண்மையில் இருக்கும் படியைத் திருத்தாமல் விட்டுவிடும். ஒவ்வோர் உணரியின் நிரையையும் தனித்தனியே நீக்கிய 24 நேர்மாறுகளையும் முன்கூட்டியே கணித்து வையுங்கள். மின்வெட்டுக்குப் பிறகு தொகையிடுவானைப் பூச்சியமாக்கி, உணரிகள் சூடாகி வாசிப்பு நிலைத்த பின்பே கட்டுப்பாட்டுச் சுற்றை மூடி இயக்குங்கள்.