கூரையில் சாமான் ஏற்றுமுன் திறப்பைத் திருப்பிப் பாருங்கள்

மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சில நாட்கள் தங்கப் போகும் குடும்பம் பாய், பானை, தறப்பாள், அடுப்பு என்று எல்லாவற்றையும் காரின் கூரையில்தான் ஏற்றுகிறது. பல்கலைக்கழக விடுதிக்குப் போகும் பிள்ளையின் மெத்தையும் அங்கேதான் ஏறுகிறது. வன்னியில் ஓடும் கார்களிற் பல யப்பானில் ஓடி முடித்து இங்கு வந்த சிறிய கார்கள். அவை நான்கு பேரையும் ஓரிரு பைகளையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே கரியரில் கயிறு போடுவதற்கு முன், இந்தச் சுமையைத் தாங்கும் நிலையில் வாகனம் இருக்கிறதா என்று அதனிடமே கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்விக்கான பதில் டாஷ்போட்டில் இருக்கிறது.

எஞ்சினை ஸ்ராட் செய்யாமல் திறப்பை ஒரு படி முன்னே மட்டும் திருப்புங்கள். பொத்தானால் இயங்கும் ரொயோற்றா கார்களில் பிறேக்கை மிதிக்காமல் பொத்தானை இரண்டு தடவை அழுத்த வேண்டும். அப்போது எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும். ஒயில், பற்றரி விளக்குகள் எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும், எயார்பாக், ஏ.பி.எஸ். விளக்குகள் சில விநாடிகளில் தாமாகவே அணையும். அணையாத விளக்கு பழுதைச் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியும், ஆனால் எரியவே எரியாத விளக்கைத்தான் நான் கூடுதலாகச் சந்தேகிப்பேன். பழுதை மறைத்து விற்பதற்காக விளக்கின் இணைப்பையே துண்டித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர் பெயின்ரைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இந்த வரிசையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிறங்களின் பொருள் எளிது. சிவப்பு எரிந்தால் நிறுத்துங்கள். மஞ்சள் எரிந்தால் விரைவில் கராஜுக்குக் கொண்டுபோங்கள். பச்சையும் நீலமும் தகவல் மட்டுமே. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டு மின்னினால், எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் புகைக்குழாயோடு சேர்ந்த, புகையைச் சுத்திகரிக்கும் விலை கூடிய பாகம் கெட்டுவிடும். ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் அடுத்த சந்தி வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது. அந்தச் சில நிமிடங்களில் எஞ்சினின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துவிடும்.

சுமை ஏற்றிய காருக்கு இங்கே அதிகம் நேர்வது சூடேறல். பல சிறிய கார்களில் வெப்பத்தைக் காட்டும் ஊசி இல்லை. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீல விளக்கும், அளவுக்கு மீறிச் சூடேறினால் சிவப்பு விளக்கும் எரியும், இடையில் ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில், ஏ.சி. போட்டு, கூரையில் சுமையோடு போகும்போது சிவப்பு எரிந்தால் உடனே ஏ.சி.யை நிறுத்தி, நிழல் தேடாமல் வீதியோரம் ஒதுக்கி, எஞ்சினை அணையுங்கள். ரேடியேற்றர் மூடியைக் குறைந்தது அரை மணித்தியாலம் தொடாதீர்கள். சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான எஞ்சினுக்குள் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கக்கூடும். கிணற்று நீரை அவசரத்துக்கு ஒரு நாள் விடலாம், வழக்கமாக விடக்கூடாது. வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிப் பாருங்கள். அதே படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது.

பிறேக் விளக்கு கைப்பிறேக்கை இறக்கிய பின்னும் எரிந்தால், அல்லது வளைவுகளில் மட்டும் மினுங்கி மறைந்தால், பிறேக் ஒயில் குறைந்திருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் கூரையில் ஒரு பாய்கூட ஏற்ற வேண்டாம்.

ரொயோற்றா அக்குவா போன்ற, பெற்றோலோடு பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பின்னாசனத்தின் பக்கவாட்டில் சிறிய காற்றுத்துளைப் பகுதி ஒன்று இருக்கும். பெரிய பற்றரி அதன் வழியாகத்தான் காற்றை இழுத்துக் குளிர்கிறது. கூரையில் இடம் போதாமல் உரப்பையையும் தலையணையையும் பின்னாசனத்தில் அடைக்கும்போது அந்தத் துளை மூடப்பட்டால் பற்றரி சூடேறும். எங்கள் செம்மண் தூசி அதன் வடிகட்டியில் கம்பளிபோலப் படிவதால், அதை அடிக்கடி கழற்றித் தட்டுவதும் நல்லது. (ஒவ்வொரு காலையும் காருக்குள் ஒரு பெண்குரல் யப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறதே என்று கலங்குபவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது யப்பானில் நெடுஞ்சாலைக் கட்டணம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்ற அறிவிப்புத்தான்.)

இனிக் கூரைக்கு வருவோம். கூரை தாங்கும் எடை வாகனக் கையேட்டில் இருக்கும். சிறிய கார்கள் பலவற்றுக்கு அது ஏறத்தாழ 50 கிலோ, அதாவது ஒரு சீமெந்துப் பை. கரியரின் எடையும் அந்தக் கணக்கில் சேரும். வெல்டிங் கடையில் இரும்புக் குழாயால் செய்வித்த கரியர் 20 கிலோ இருந்தால் சாமானுக்கு மிஞ்சுவது 30 கிலோ மட்டுமே. ஆகவே பாரமான அரிசிப் பையும் பாத்திரங்களும் காரின் உள்ளே, பின்னாசனத்தின் காலடியில் இருக்கட்டும். பாய், உடுப்புப் பை, பிளாஸ்ரிக் கதிரை போன்ற இலேசானவை மேலே போகட்டும். மேலே பாரம் கூடினால் வளைவில் கார் சாயும், குறுக்குக் காற்றுக்கு அலைபாயும்.

கயிற்றைக் கதவுகளுக்கு ஊடாகச் சுற்றிக் கட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நான் ஒரு முறை பரந்தன் முல்லைத்தீவு வீதியில் அப்படிக் கட்டித்தான் ஒரு மெத்தையைக் கொண்டுபோனேன். மழை பிடித்தது, நைலோன் கயிறு நனைந்து இளகியது, கயிற்றின் வழியே வழிந்த நீர் உள்ளே இருந்தவர்களின் மடியில் சொட்டியது. மெத்தையின் முன் விளிம்புக்குக் கீழே காற்று நுழைந்து அதைப் பாய்மரம்போலத் தூக்கியபோது பின்னால் இருந்தவர்கள் இறங்கிப் பிடிக்க முடியவில்லை, ஏனென்றால் பின்கதவுகளையும் நானே சேர்த்துக் கட்டியிருந்தேன். நல்ல வேளையாகப் பின்னால் எந்த வாகனமும் வரவில்லை.

இறுக்கும் கொளுவியுள்ள பட்டிகளே சிறந்தவை; அவை காற்றில் படபடக்காமல் இருக்க ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். குறுக்காக இரண்டு கட்டுப் போட்டுவிட்டு முடிந்தது என்று எண்ணக்கூடாது, முன்னும் பின்னும் இழுத்துக் கட்டுவதே முக்கியம். ஏ9 வீதியில் இரவில் மாடுகள் தார்ச்சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். காட்டோரத்தில் யானையும் நிற்கும். உலர்ந்த வீதியில் முழு வலுவோடு பிறேக் பிடித்தால் கூரையிலுள்ள பொருள் தன் எடையின் முக்கால் பங்குக்கும் மேலான விசையோடு முன்னோக்கிப் பாயும், குறுக்குக் கட்டு மட்டும் அதைத் தடுக்காது. குழாய், மூங்கில் போன்ற நீண்ட பொருளின் முன்முனையைப் பொனற்றுக்குக் கீழுள்ள இழுவை வளையத்துடன் கட்டி, பின்னே நீளும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

வேகம் 50 இலிருந்து 70 ஆகும்போது சுமையைப் பிடுங்கும் காற்றின் விசையும், பிறேக் பிடித்த பின் கார் நிற்கத் தேவையான தூரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். எனவே 50 ஐ ஒட்டியே ஓட்டுங்கள். கட்டுகள் புறப்பட்ட முதற் சில கிலோமீற்றர்களிலேயே இளகும். கிளிநொச்சியிலிருந்து தெற்கே போகிறவர்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட எப்படியும் இறங்குவார்கள். ஒருவர் கச்சான் வாங்கும் நேரத்தில் மற்றவர் ஒவ்வொரு பட்டியையும் கையால் இழுத்துப் பார்த்துவிடலாம்.

வீடு திரும்பியதும் கரியரைக் கழற்றி வையுங்கள். வெறும் கரியர்கூடக் காற்றைத் தடுத்து எரிபொருள் செலவைக் கூட்டும். நம்பிக்கை இல்லாவிட்டால் டாஷ்போட்டில் சராசரி எரிபொருள் கணக்கைப் பூச்சியமாக்கி, கரியரோடு ஒரு கிழமையும் கரியர் இல்லாமல் ஒரு கிழமையும் ஓடி, இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.