மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி
காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் எல்லாம் சித்திரையிலும் குளுமைதான். பின்னால் சேர்த்துக் கட்டிய மேற்கு அறைதான் பிரச்சினை. கண்ணாடி ஜன்னல் வழியே வெயில் விழுந்து, மதியத்துக்கு மேல் ஆத்தங்குடிக் கல் தரைகூடச் சுடும்.

கடையில் ரோலர் பிளைண்ட் காட்டினார்கள். அழகுதான், ஆனால் சதுர அடிக் கணக்கு எங்கள் கைக்கு எட்டவில்லை. அதைவிட முக்கியம், உள்ளே மாட்டும் திரை வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறது. கண் கூச்சம் குறையும், சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே நிற்கும். வெளியே தடுப்பதுதான் சரி.

அதனால் கயிறு இழுத்துச் சுருட்டும் மூங்கில் தட்டி வாங்கி, சன்ஷேடின் அடியில் கொக்கி போட்டு மாட்டினோம். விலையும் ரோலரைவிட நன்றாகவே குறைவு. அளவு எடுக்கும்போது இரண்டு பக்கமும் அரை அடி கூடுதலாக விடுங்கள், சாயங்கால வெயில் பக்கவாட்டில் நுழையும். தட்டி கண்ணாடியை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளித் தொங்கட்டும். இடையில் காற்று ஓடினால்தான் சூடு வெளியேறும். அடிமுனையைச் சுவரில் வளையம் அடித்துக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஆடிக் காற்று பிய்த்துவிடும்.

பழைய தேக்கு ஜன்னல்களுக்கு எதுவும் வாங்காதீர்கள். கதவைச் சாத்தினாலே போதும். அந்தச் சட்டத்தில் திருகு ஏற்றினால் எனக்கு மனசு பொறுக்காது.

அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் தட்டியைக் கழற்றி, நன்றாகக் காயவைத்து உள்ளே வைத்துவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடிக்கும்.