குசினிக்குள் நின்று கத்தாதீர்கள்: துடியாட்டமான பிள்ளையோடு நாம் விடும் பிழைகள்

"பாக்கை மேசையில வை, சப்பாத்தைக் கழட்டு, கையைக் கழுவு, கொப்பியை எடுத்துக்கொண்டு வா." குசினிக்குள் நின்றபடியே ஒரே மூச்சில் நான்கு வேலை சொல்லிவிடுவேன். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால் ஒரு சப்பாத்து காலில், மற்றது மதிலடியில். மகன் ஒழுங்கையில் நிற்கும் மானுக்கு வாழைப்பழத் தோலை நீட்டிக்கொண்டு நிற்பான். திருகோணமலையில் எங்கள் உவர்மலை முழுக்கக் கேட்கும்படி கத்துவேன். அவன் திரும்பிப் பார்த்து, "என்னம்மா?" என்பான்.

நான் விட்ட முதல் பிழை அதுதான். கவனம் நிலைக்காத பிள்ளைக்கு நான்கு கட்டளை சேர்த்துச் சொன்னால் கடைசியில் ஒன்றுகூட மனதில் தங்காது. அருகில் போங்கள், தோளைத் தொடுங்கள், பெயரைச் சொல்லுங்கள், முகம் திரும்பிய பிறகு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். அப்புறம் வாயை மூடிக்கொண்டு ஐந்து வரை எண்ணுங்கள். எனக்கு இந்த ஐந்துதான் கஷ்டம். அவன் அசைவதற்குள் அதையே இன்னும் சத்தமாகச் சொல்லிவிடுவேன்.

"கழட்டுறியா?" என்று கேட்டால் "இல்லை" என்பதும் ஒரு பதில்தான். "கழட்டு" என்றே சொல்லலாம். "ஓடாதே" என்பதிலும் சிக்கல் உண்டு. கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது, பள்ளமும் கடலும் தெரியும் இடத்தில், "ஓடாதே" என்று பத்துத் தரம் சொன்னேன். "என் கையைப் பிடி" என்று ஒருதரம் சொன்னதும் பிடித்தான். என்ன செய்யக்கூடாது என்பதை விட, என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குச் சுலபமாக விளங்குகிறது. பிடித்த உடனேயே "நல்ல பிள்ளை, கையைப் பிடிச்சிட்டாய்" என்று சொல்லிவிட வேண்டும். இரவு சாப்பாட்டு நேரத்தில் சொன்னால் எதற்கென்று அவனுக்கு மறந்திருக்கும்.

அடுத்த பிழை, செவியைப் பார்க்காமல் பிள்ளையைக் குற்றம் சொல்வது. அடிக்கடி தடிமன் பிடிக்கும் பிள்ளைக்கு நடுச்செவியில் நீர் தேங்கி, நாம் சொல்வது சரியாகக் கேட்காமல் போகலாம்; பெரும்பாலும் வலி இல்லாததால் நமக்குத் தெரியாது. இரவில் குறட்டை விட்டு, தூக்கம் கெட்டு, பகலில் துள்ளும் பிள்ளைகளும் உண்டு.

"போனில் ஒரு மணித்தியாலம் அசையாமல் இருக்கிறானே, இவனுக்கா கவனக் குறைபாடு?" என்பது எங்கள் அம்மம்மாவின் கேள்வி. போன் விநாடிக்கு விநாடி புதிதாக எதையாவது காட்டும். அப்படிக் காட்டாத பெருக்கல் வாய்ப்பாட்டில்தான் பிரச்சினை தெரியவரும். சரி, அதற்காக வீடியோ பார்த்துவிட்டு நாமே ஏடிஎச்டி (கவனக் குறைபாடும் மிகைத் துடியாட்டமும்) என்று பெயர் வைத்துவிடவும் கூடாது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். ரியூசனில் மட்டும் நெளிகிறான் என்றால் ரியூசனைப் பாருங்கள். புலமைப்பரிசில் வகுப்பு என்று பொழுது சாயும்வரை கதிரையில் இருத்தினால் நான்கூட நெளிவேன்.

எழுதி முடிக்கவில்லை என்று விளையாட்டை நிறுத்துவது நானும் செய்ததுதான். இப்போது மாற்றிவிட்டோம்: முதலில் டச் பே கடற்கரையில் அரை மணித்தியாலம் ஓட்டம், பிறகு கொப்பி. அதுவும் பத்து நிமிடம் எழுத்து, கொஞ்சம் எழும்பி நடை, மறுபடி எழுத்து.

இனிப்பை நிறுத்தினால் அடங்கிவிடுவான் என்பார்கள். சீனிக்கும் துடியாட்டத்துக்கும் தொடர்பு இல்லை என்று 1995இலேயே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். பல்லுக்காக நிறுத்துங்கள்.

மருந்து என்றதும் பயந்து ஓடவும் வேண்டாம், கேட்டு வாங்கவும் வேண்டாம். 6 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் வைத்தியம். அதற்கு மேல் வைத்தியர் மருந்து தந்தால், நம் இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக்கூடாது.

கிளினிக்குக்குப் போகும்போது வகுப்பு டீச்சரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கிப் போங்கள். நான் வெறுங்கையோடு போனேன். வீட்டில் கூரை ஏறுகிறவன் அன்று வைத்தியருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு சாமிப் படம் மாதிரி இருந்தான்.